பெரிய கைக்கு நீண்ட அலகு என்னும் பிழை

மலைகளிலும் காடுகளிலும் கூடாரம் அடித்துத் தங்கும் பழக்கமுள்ளவர்களிடையேயும், அவர்களுக்குக் கத்தி விற்கும் கடைகளிலும், நெடுங்காலமாக ஓர் அபிப்பிராயம் யாராலும் சோதிக்கப்படாமலே வேதவாக்கைப் போல வழங்கி வருகிறது. கை பெரிதாக உள்ளவர் மடக்குக் கத்தி வாங்க வந்தால் அவருக்கு அலகு நீண்ட கத்தியையே கொடுக்க வேண்டும், மற்றவர்களுக்கு 8 சென்டிமீட்டர் போதுமென்றால் அவருக்கு 12, 14 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பதே அந்த அபிப்பிராயம். கடைக்காரர் வாடிக்கையாளருடைய உள்ளங்கையை ஒருமுறை பார்க்கிறார். பார்த்த மாத்திரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றில் மிக நீளமானதை எடுத்து முன்னே வைக்கிறார். வாங்குகிறவரும் தம் கைக்கு ஏற்றது கிடைத்துவிட்டதென்ற திருப்தியோடு வீடு திரும்புகிறார். பிறகு ஏதோ ஒரு மலைச்சரிவில், ஈரமான மரக்கிளையைக் கூடார முளையாகச் சீவிக்கொண்டிருக்கும்போது, அவருடைய சுட்டுவிரலின் அடியில் கொப்புளம் எழுகிறது. தமக்குப் பழக்கம் போதவில்லை என்று அவர் எண்ணிக்கொள்கிறாரே தவிர, கத்தியைத் தேர்ந்தெடுக்கக் கைக்கொண்ட பிரமாணமே தவறானது என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அந்தப் பிரமாணம் தவறு என்பதையும், பெரிய கைக்கு வேண்டுவன பிடியின் பருமனும் வடிவமும் போதுமான நீளமுமே என்பதையும், அலகின் நீளம் அந்தக் கையோடு யாதொரு நேரான சம்பந்தமும் உடையதன்று என்பதையும் இக்கட்டுரையில் நிறுவ விரும்புகிறேன்.

இந்த அபிப்பிராயம் மூடத்தனத்தால் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மடக்குக் கத்திகளை உலகம் அளந்துவரும் முறையே மனிதர்களை இந்த வழியில் இழுத்துச் செல்கிறது. பிரான்ஸ் தேசத்தின் ஆல்ப்ஸ் மலைநாடான சவோயில், கருவிகள் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் என்னும் இளைஞர் 1890இல் மரப்பிடியிட்ட எளிய மடக்குக் கத்தி ஒன்றை ஆக்கினார். 1897இல் அதே கத்தி 1 முதல் 12 வரை எண்ணிட்ட வரிசையாக விரிந்தது. அந்த வரிசையில் இன்று விற்கும் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், 10ஆம் எண்ணுடையது 10 சென்டிமீட்டர், 12ஆம் எண்ணுடையது 12 சென்டிமீட்டர். எண் ஏற அலகு நீள்கிறது என்பதே வாங்குகிறவர் மனத்தில் பதிகிறதன்றி, அதே எண்ணோடு பிடியும் பருத்துக்கொண்டே வருகிறது என்னும் முக்கியமான விஷயம் பதிவதில்லை. அமெரிக்கக் கத்திகளின் விவரப் பட்டியல்களிலும் முதலில் நிற்பது அலகின் அங்குலமே. சட்டங்களும் அலகையே நோக்குகின்றன. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், கூர்விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாததும் பூட்டிக்கொள்ளாததுமான மடக்குக் கத்தியை மட்டும் காரணம் கேட்காமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ள விடுகிறது. ஜெர்மனியில் 2008 முதல், ஒரு கையால் விரித்துப் பூட்டக்கூடிய கத்தியையும், 12 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட அலகுடைய மடங்காத கத்தியையும் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லக் கூடாது. சட்டம் இயற்றுகிறவர்களுடைய கவலை பிறருக்கு நேரக்கூடிய அபாயத்தைப் பற்றியது. ஆகையால் அவர்கள் அலகை அளப்பது நியாயமே. ஆனால் கத்தியைப் பிடித்து அரைமணி நேரம் வேலை செய்யப் போகிறவன் தன் கையின் சௌகரியத்தை அறிய அதே அளவுகோலை இரவல் வாங்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

நம் ஊரில் வயலில் உழைக்கும் உயரமான மனிதர் மண்வெட்டி வாங்கும்போது தகட்டைப் பெரிதாக்கித் தரச் சொல்வதில்லை; காம்பைத் தம் உயரத்துக்கும் கைக்கும் ஏற்பப் பார்த்துப் போட்டுக்கொள்கிறார், தகட்டின் அளவை மண்ணின் தன்மையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். கருவியில் மனிதனைச் சேர்ந்த பகுதி ஒன்று, வேலையைச் சேர்ந்த பகுதி ஒன்று என்னும் இந்தப் பாகுபாடு, படிப்பறிவில்லாத உழைப்பாளிக்கும் தெளிவாக இருக்க, நிறைய விலை கொடுத்துக் கத்தி வாங்கும் நமக்கு மட்டும் ஏன் மறைந்து போயிற்று என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

பிடியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும்; ஏனெனில் வழக்கு முழுவதும் இங்கேதான் தீர்கிறது. 1956இல் ஜான் நேப்பியர் என்னும் ஆங்கில உடற்கூற்று அறிஞர், மனிதக் கை பொருள்களைப் பற்றும் விதங்களை ஆராய்ந்து, அவற்றை இரண்டு பெரும் பிரிவுகளில் அடக்கிக் காட்டினார். விரல்கள் மடங்கிப் பொருளை உள்ளங்கையோடு அழுத்திக்கொள்ள, பெருவிரல் எதிர்நின்று இறுக்குவது வலிமைப் பற்று. பெருவிரலின் நுனிக்கும் மற்ற விரல்களின் நுனிகளுக்கும் இடையே பொருளை நிறுத்தி, வேண்டிய திசையில் நகர்த்துவது நுண்பற்று. முகாமில் முளை சீவுவதும், கயிறு அறுப்பதும், சுள்ளியை மெல்லிய சிராய்களாகச் சீவி நெருப்புக்குத் தயார் செய்வதும் முதல் பிரிவைச் சேர்ந்தவை. பூண்டு உரிப்பதும், காலில் தைத்த முள்ளை எடுப்பதும் இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவை. கையைப் புண்ணாக்குவது எப்போதும் முதல் பிரிவு வேலைதான். அந்த வேலைக்குரிய கைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி, தொழிற் பாதுகாப்பையும் தொழிலாளர் சுகாதாரத்தையும் ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் 2004இல் வெளியிட்ட கையேடு, பிடியின் விட்டம் ஒன்றேகால் அங்குலம் முதல் 2 அங்குலம் வரை, அதாவது 32 முதல் 51 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும் என்றும், பிடியின் நீளம் கையின் மிக அகன்ற பகுதியைக் காட்டிலும் அதிகமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இனி, இன்று கடைகளில் அதிகமாக விற்கும் ஒரு மடக்குக் கத்தியின் பிடியை எடுத்துக்கொள்வோம். காற்சட்டைப் பையில் உறுத்தாமல் கிடக்க வேண்டுமென்பதற்காகவே அதன் கனத்தை 11, 12 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிடுகிறார்கள். அகலம் 28 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓரங்கள் மழுங்கியது போக அதன் சுற்றளவு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர்தான் தேறும். மேற்சொன்ன கையேடு வேண்டுகிற மிகக் குறைந்த விட்டமாகிய 32 மில்லிமீட்டருக்கே சுற்றளவு 100 மில்லிமீட்டர் ஆகிறது. சாதாரண அளவுள்ள கையே இந்தக் குறைவை உணர்கிறதென்றால், நீண்ட விரல்களையுடைய பெரிய கையின் கதி என்ன? விரல்கள் பிடியைச் சுற்றி வளைந்து முடித்த பிறகும் மிச்சம் நிற்கின்றன. அவற்றின் நுனிகள் உள்ளங்கையின் அடிச்சதையில் போய் முட்டிக்கொள்கின்றன. பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெற்றிடம் விழுகிறது. அந்த வெற்றிடத்தின் காரணமாகக் கத்தி கைக்குள் புரளப் பார்க்கிறது. புரளாமல் இருக்க மனிதன் மேலும் இறுக்குகிறான். இறுக்கிய பலம் முழுவதும் தகடு போன்ற பிடியின் இரண்டு மெல்லிய ஓரங்களின் வழியாகத் தோலுக்குள் இறங்குகிறது. கொப்புளம் எழுவதற்கும், மணிக்கட்டுக்கு மேலே தசை கடுப்பதற்கும் காரணம் இதுவேயாகும். இந்தப் பிடியில் 8 சென்டிமீட்டர் அலகைப் பொருத்தினாலும் 14 சென்டிமீட்டர் அலகைப் பொருத்தினாலும் உள்ளங்கைக்கு ஒரே துன்பந்தான். நீண்ட அலகாயின், கத்தியைத் திருப்பும் பலமும் கூடுவதால், துன்பமும் சற்றுக் கூடும்.

விரல்களுக்கென்று பிடியில் வெட்டிவைக்கும் பள்ளங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பார்ப்பதற்கு அவை கையை வரவேற்பவை போலத் தோன்றும். ஆனால் அவை யாரோ ஒருவருடைய விரல்களின் அகலத்துக்கு வெட்டப்பட்டவை; விரல் பருத்தவன் பிடித்தால், பள்ளத்தில் அமரவேண்டிய விரல் இரண்டு பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேட்டின்மேல் அமர்கிறது, ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த மேடு எலும்பின் மேல் அழுந்துகிறது. பெரிய கையுடையவர்கள் இத்தகைய பிடிகளைத் தொடாமல் விடுவதே நல்லது. பையின் விளிம்பில் மாட்டுவதற்காகப் பிடியின் மேல் திருகிவைக்கும் இரும்புக் கிளிப்பும் அதே குற்றத்தைச் செய்கிறது. பெரும்பாலானவற்றில் அதைத் திருகு கழற்றி எடுத்துவிடலாம் என்பது மட்டுமே ஆறுதல்.

நான் சொல்வது வெறும் யூகமன்று என்பதைக் காட்ட, யாவரும் கடையில் கையிலெடுத்துப் பார்க்கக்கூடிய மூன்று கத்திகளை ஒப்பிடுகிறேன். முதலாவது ஒப்பினெலின் 10ஆம் எண்: அலகு 10 சென்டிமீட்டர், பிடி 13 சென்டிமீட்டர். இரண்டாவது, அமெரிக்காவில் பக் குடும்பத்தார் 1964இல் வெளியிட்ட 110 என்னும் வேட்டைக் கத்தி: அலகு மூன்றே முக்கால் அங்குலம், ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர், மடித்த நிலையில் பிடி 12.4 சென்டிமீட்டர், பித்தளை முனைகளும் மரப் பக்கங்களும் சேர்ந்து எடை 200 கிராமுக்குச் சற்று மேல். மூன்றாவது, கொலராடோவைச் சேர்ந்த ஸ்பைடெர்கோ நிறுவனம் 1996இல் கொண்டுவந்த மிலிட்டரி: அலகு 4 அங்குலம், அதாவது 10.2 சென்டிமீட்டர், பிடி ஏறத்தாழ 14 சென்டிமீட்டர், எடை 120 கிராம் அளவு. அலகை மட்டும் அளப்பவருக்கு இவை மூன்றும் அநேகமாக ஒரே கத்தி. வித்தியாசம் 7 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கையில் பிடித்தாலோ, மூன்றும் மூன்று உலகங்கள். ஒப்பினெலின் பிடி பீச் மரத்தில் உருட்டிக் கடைந்தது. ஓரமென்று சொல்லத்தக்கது அதில் எங்கும் இல்லை. நடுவில் பருத்துப் பின்முனையில் வளைந்து சுண்டுவிரலைத் தாங்குவதால், கத்தியைத் தன் பக்கம் இழுத்துச் சீவும்போதும் நழுவுவதில்லை. பக் கத்தியின் பிடி நீளத்தில் மூன்றிலும் குறைந்தது. எனினும் அதன் கனமும் உருண்ட முனைகளும் உள்ளங்கையை நிரப்பிவிடுவதால், பெரிய கை அதில் அமைதி காண்கிறது. மிலிட்டரியின் பிடி நீளத்தில் மிகத் தாராளமானது, நான்கு விரல்களுக்கும் அகலமாக இடங்கொடுப்பது, கையுறை அணிந்தும் பிடிக்கத்தக்கது. ஆனால் கனத்தில் ஒரு சென்டிமீட்டரைச் சிறிதே தாண்டுவதால், நெடுநேரம் மரம் சீவும் வேலையில் உருட்டுப் பிடிக்கு ஈடாகாது. இந்த மூன்றில் எது தமக்குப் பொருந்தும் என்பதை ஒருவர் அலகின் அளவைக் கொண்டு ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

எதிர்க்கட்சியாருடைய வாதங்களில் மிக வலிமையானது ஒன்று உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. மடக்குக் கத்தியில் அலகு பிடிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியிருப்பதால், பிடி எப்போதும் அலகைவிட நீளமாகவே இருந்தாக வேண்டும். ஆகையால் நீண்ட பிடி வேண்டுமென்பவன் நீண்ட அலகைக் கேட்டால் போதும், இரண்டும் ஒன்றுதானே என்று அவர்கள் கேட்கிறார்கள். மேலே காட்டிய மூன்று கத்திகளிலுங்கூட அலகு பிடியில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். இந்த விகிதத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பின் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அவர்கள் முடிவுவரை பார்க்கவில்லை என்பதே என் ஆட்சேபணை. 1988இல் அமெரிக்கப் படைவீரர்களை அளந்தபோது, ஆண்களின் கைநீளம் சராசரியாக 19.4 சென்டிமீட்டரும், விரலடிக் கணுக்களுக்கு நேரே உள்ளங்கையின் அகலம் 9 சென்டிமீட்டரும் இருந்தன. மிகப் பெரிய கை என்று சொல்லத்தக்கதை எடுத்துக்கொண்டாலும் அந்த அகலம் 10 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கை சாய்ந்து பற்றுவதற்கும், முன்னும் பின்னும் நகர்வதற்கும் இன்னும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தாராளமாகக் கொடுங்கள்; பெரிய கைக்கு வேண்டிய பிடி 12 அல்லது 13 சென்டிமீட்டரில் நிறைவடைந்துவிடுகிறது. அதில் முக்கால் பங்கு 9 முதல் 10 சென்டிமீட்டர். அவர்கள் தங்கள் துணைக்கு அழைத்த விகிதமே, பெரிய கையுடையவனுக்கு 10 சென்டிமீட்டர் அலகுக்கு மேல் போகக் காரணமில்லை என்று சாட்சி சொல்கிறது. கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் வாயேஜர் வகையில் மிகப் பெரியதன் அலகு 14 சென்டிமீட்டர், எஸ்படா வகையில் மிகப் பெரியதன் அலகு 19 சென்டிமீட்டர். இவற்றுக்கேற்ற அகலமுள்ள உள்ளங்கை மனிதகுலத்தில் பிறந்ததில்லை. பிடியின் பின்பாதி எந்தக் கைக்கும் உதவாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அலகின் முன்பாதி முகாம் வேலை எதற்கும் உதவாமல் வேறு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

அன்றியும், நீளம் ஒன்றைத்தான் இந்த விகிதம் கட்டுப்படுத்துகிறது. பருமனையோ ஓரங்களின் உருட்சியையோ பின்முனையின் வளைவையோ அலகின் நீளம் எவ்விதத்திலும் நிர்ணயிப்பதில்லை. 14 சென்டிமீட்டர் அலகைத் தகடு போன்ற பிடியில் வைத்து விற்கலாம்; 9 சென்டிமீட்டர் அலகை உள்ளங்கை நிறையும் பிடியில் வைத்து விற்கலாம். நீளம் போதுமென்ற எல்லையைத் தாண்டியபின் கையின் இன்பதுன்பம் முழுவதும் பருமனையும் வடிவத்தையும் பொறுத்தது என்று ஏற்றுக்கொண்டால், அலகைக் கொண்டு கத்தியைத் தேர்வது நோயைக் கேட்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமமாகும்.

இரண்டாவது ஆட்சேபணை பலத்தைப் பற்றியது. பெரிய கையுடையவனுக்குப் பலமும் அதிகம். அவன் அழுத்துகிற அழுத்தத்துக்குச் சிறிய கத்தி நிற்காது. ஆகவே பெரிய அலகு வேண்டும் என்கிறார்கள். பலம் அதிகம் என்பது பெரும்பாலும் மெய்யே. ஆனால் அந்தப் பலம் மடக்குக் கத்தியின் எந்த உறுப்பில் போய் விழுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அலகும் பிடியும் சேரும் இடத்திலுள்ள சுழல் ஆணியும், அலகு மடங்காமல் தடுக்கும் பூட்டுமே அதைத் தாங்குகின்றன. நுனியில் ஒரே அளவான பலம் பட்டாலும், 9.5 சென்டிமீட்டர் அலகு ஆணியின்மேல் சுமத்தும் திருகுபலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கை 14 சென்டிமீட்டர் அலகு சுமத்துகிறது. நெம்புகோலின் பழைய விதி இது. ஆகவே பலசாலியின் கையில் நீண்ட அலகைக் கொடுப்பது, கத்தியின் மிக மெலிந்த இடத்தை மேலும் சோதனைக்கு உட்படுத்துவதாகுமேயன்றி வலுப்படுத்துவதாகாது. முளை சீவுகிறவனைக் கவனித்துப் பார்த்தால், அவன் பிடியை ஒட்டிய முதல் மூன்று நான்கு சென்டிமீட்டரைக் கொண்டே வேலை செய்கிறான் என்பது விளங்கும். கைக்கு அருகில்தான் பலம் வீணாகாமல் மரத்தில் இறங்குகிறது. கட்டையால் அலகின் முதுகில் அடித்து விறகு பிளக்கும் வேலைக்கு மடக்குக் கத்தி எந்த நீளத்திலும் தகுந்ததன்று. அந்த வேலை இருக்குமானால் சிறிய கைக்கோடரியை எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம்.

பெரிய கையுடையவர்களுக்கு உண்மையான இடர்ப்பாடு வேறு ஓரிடத்தில் இருக்கிறது. அலகின் நீளத்தைப் பற்றிய பேச்சு அதை மூடி மறைத்துவிடுகிறது. கத்தியை விரிப்பதும் மடிப்பதுமே அந்த இடம். பழைய முறைக் கத்திகளில் அலகின் பக்கத்தில் நகம் மாட்டுவதற்கென்று ஒரு சிறு கீறல் இருக்கும். பருத்த பெருவிரலின் நகம், அதிலும் குளிரில் விறைத்தும் ஈரத்தில் ஊறியும் இருக்கும்போது, அதில் எளிதில் மாட்டாது. ஸ்பைடெர்கோ 1981 முதல் தன் அலகுகளில் வைத்துவரும் வட்டத் துளை இவ்விஷயத்தில் பெரிய கைக்கு மெய்யான நன்மை செய்தது. சதையே துளையில் பதிந்து அலகை நகர்த்துகிறது, நகம் வேண்டியதில்லை. பூட்டைத் திறப்பது இன்னும் கவலைக்குரியது. பிடியின் உட்புறத்து மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும் லைனர் லாக் என்னும் வகையில், அந்தத் தகட்டைத் தள்ளுவதற்கான இடம் பெரும்பாலும் மிகக் குறுகியது; பருத்த பெருவிரல் தகட்டைத் தேடித் தடவும்போது, அலகு மடங்கி வரும் பாதையிலேயே அந்த விரல் நிற்கிறது. பக் 110இல் உள்ளதுபோலப் பிடியின் முதுகில் அழுத்தித் திறக்கும் பூட்டாயின் விரல்கள் அந்தப் பாதைக்கு வெளியே நிற்கும். ஒப்பினெலில் 1955இல் மார்செல் ஒப்பினெல் சேர்த்த விரோபிளாக் என்னும் உலோக வளையத்தைச் சுழற்றினால் பூட்டும், எதிர்ப்பக்கம் சுழற்றினால் திறக்கும். அதற்கு எவ்வளவு பெரிய விரலும் இடைஞ்சலில்லை. ஆனால் மழையில் நனைந்தால் மரப்பிடி உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. மழைக்காலத்தில் செல்கிறவர் புறப்படுவதற்கு முன் மரத்துக்கு எண்ணெய் ஊட்டிச் செல்ல வேண்டும். இவற்றில் ஒன்றையாவது அலகின் அங்குலக் கணக்கு நமக்குச் சொல்லுமா?

சமையலைச் சொல்லி நீண்ட அலகுக்கு வாதாடுகிறவர்களும் உண்டு. ரொட்டியை அறுக்கவும், முட்டைக்கோசை நறுக்கவும் நீளம் உதவும் என்பது சரிதான். அது கையின் அளவினால் வந்த தேவையன்று, காயின் அளவினால் வந்த தேவை, சிறிய கையுடையவருக்கும் பொதுவானது. 10 சென்டிமீட்டர் அலகில் வெங்காயமும் தக்காளியும் உருளைக்கிழங்கும் தாராளமாக நறுக்கலாம். உணவு விஷயத்தில் நீளத்தைவிட அலகின் மெலிவே பெரிது. ஒப்பினெலின் மெல்லிய அலகு காயைப் பிளக்காமல் அறுத்துச் செல்வதையும், முரட்டுத்தனமான கனத்தோடு செய்த நீண்ட அலகுகள் காயை ஆப்பு வைத்துப் பிளப்பதைப்போல் உடைப்பதையும் ஒரு வேளைச் சமையலில் கண்டுகொள்ளலாம்.

கை பெரிதென்றால் மடக்குக் கத்தியையே விட்டுவிட்டு மடங்காத கத்தி வாங்கு என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் விரோதியல்லன். மரம் சீவுவதே பிரதான வேலையாக இருப்பவர்களுக்கு அது நல்ல யோசனை. பிடிக்குள் அலகை ஒளிக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாததால், அங்கே பிடியை வேண்டிய அளவுக்குப் பருமனாகச் செய்யலாம். ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் போய், முதுகுப் பையில் யாவற்றையும் அடக்கிக்கொண்டு, ஓரிரண்டு இரவுகள் தங்கித் திரும்புகிறவருக்கு, மடித்து வைத்தால் உறையின்றியே பத்திரமாகக் கிடக்கும் கத்தியின் சௌகரியம் அற்பமானதன்று. அதைப் பெரிய கையுடையவர்களுக்கு மட்டும் மறுப்பதற்குக் காரணமில்லை.

அப்படியானால் எவ்விதம் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவருக்கு, நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். என் கையும் பெரியதே. ஐரோப்பிய முறையில் 11ஆம் எண் கையுறை எனக்கு வேண்டியிருக்கிறது. அந்த முறையில் 9ஆம் எண் என்பது உள்ளங்கையின் சுற்றளவு 229 மில்லிமீட்டரும், 10 என்பது 254 மில்லிமீட்டரும், 11 என்பது 279 மில்லிமீட்டரும் உடைய கைகளைக் குறிக்கும். ஒரு நூலைக் கொண்டு வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். கடைக்குப் போனால் கத்தியை விரித்துப் பூட்டிய பின், அலகைப் பார்க்காமல் பிடியை மட்டும் முழுக்கையால் பற்றுகிறேன். சுண்டுவிரல் பிடியின்மேல் முழுமையாக அமர்கிறதா, விரல்நுனிகள் உள்ளங்கையின் அடிச்சதையில் முட்டாமல் நிற்கின்றனவா, கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் ஓரம் எங்காவது கோடுபோல உறைக்கிறதா என்று கவனிக்கிறேன். பிறகு கத்தியைக் கையில் திருப்பி, கூர்விளிம்பு மேல்நோக்கவும் பக்கம் நோக்கவும் பிடித்துப் பார்க்கிறேன். முகாமில் ஒரே விதமாகப் பிடித்து வேலை செய்பவர் எவருமில்லை, ஒரு விதத்துக்கு மட்டும் செதுக்கிய பிடி மற்ற விதங்களில் பகையாகிவிடும். கடைசியாக, அவசரமின்றிப் பலமுறை விரித்து மடிக்கிறேன்; மடிக்கும்போது எந்த விரலாவது அலகின் பாதையில் நிற்க நேர்ந்தால், அந்தக் கத்தி எவ்வளவு புகழ்பெற்றதாயினும் அதை வைத்துவிடுகிறேன். இத்தனைக்கும் பிறகே அலகைப் பார்க்கிறேன்; அங்கே எனக்கு வேண்டியவை 9 அல்லது 10 சென்டிமீட்டர் நீளமும், மெலிந்த விளிம்பும், முகாமில் சிறு சாணைக்கல்லைக் கொண்டு தீட்டினால் கூரேறும் எஃகும் மட்டுமே.

தபாலில் தருவிக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்காகவே கத்தி செய்வோரிடமும் விற்போரிடமும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். அலகின் நீளத்தை முதல் வரியில் பெரிய எழுத்தில் அச்சிடுகிற நீங்கள், பிடியின் நீளத்தையும், அது மிகப் பருத்த இடத்தில் எவ்வளவு கனம் என்பதையும், சுற்றளவு எவ்வளவு என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கையுறை விற்கிறவர்கள் எண்ணிட்டு விற்கிறார்கள், செருப்பு விற்கிறவர்கள் எண்ணிட்டு விற்கிறார்கள். கத்தியின் பிடியை அளந்து சொல்வது அவற்றைவிடக் கடினமான காரியமன்று. அந்த மூன்று அளவுகளும் அச்சில் வரும் வரையில், பெரிய கையுடைய வாசகர்கள் கடிதம் எழுதியாவது அவற்றைக் கேட்டுப் பெற்ற பிறகே பணம் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.